ஜிகினாவை எங்கே ஒட்டுவது?

பள்ளி விடுமுறை நாள்களில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யத்தக்க பணி ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டில் மனிதன் முதன்முதலாகச் சந்திரனில் இறங்கிய அப்பல்லோ 11 பயணத்தை, வீட்டு முன்வாசலையே மேடையாகக் கொண்டு குடும்பத்தோடு நடித்துக் காட்டுவதே அப்பணி. அரைமணி நேர நாடகம் போதும். பணச்செலவு மிகுதியில்லை. ஆயினும் ஒரு வார காலம் மாலை வேளைகளில் எல்லாரும் ஓரிடத்தில் கூடி உட்கார வேண்டியிருக்கும். கைத்தொலைபேசி ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொடுத்துவிட்ட வீடுகளில் அதுவே பெரும்பாடு என்பதை அறிவோம்.

எங்கள் வீட்டில் இதனை முதன்முறை முயன்றபோது இரண்டு சங்கடங்கள் நேர்ந்தன. மூத்த மகள், வாங்கி வைத்திருந்த ஜிகினாத் தூள் முழுவதையும் பழைய கறுப்புப் போர்வை ஒன்றில் ஒட்டி, விண்மீன்கள் நிறைந்த வானமாக்கிவிட்டாள். வீரர்கள் சந்திரனில் நடக்கும் காட்சிக்கு அதுதான் பின்திரை. காண்பதற்கு மிக அழகாகவே இருந்தது. பிறகுதான் நூலைப் புரட்டிப் பார்த்தோம். அவ்வீரர்கள் அங்கே நடந்தபோது வானில் விண்மீன்கள் அவர்கள் கண்ணுக்குப் புலப்படவில்லை!

இரண்டாவது சங்கடம் இளைய மகனால் வந்தது. மூன்று வீரர்களுள் சந்திரனில் இறங்காத மூன்றாமவரின் வேடம் அவனுக்குக் கிடைத்தது. “நான் மட்டும் ஏன் இறங்கக்கூடாது?” என்று கேட்டு அழுதவன், அன்று இரவு உணவும் உண்ணவில்லை. இவ்விரு சங்கடங்களும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட விதத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. ஜிகினாவை ஒட்டுவதற்கு முன்னால், “இந்த இடம் அங்கே மெய்யாகவே மின்னியதா?” என்று கேட்டுக்கொள்வோம். விடையைத் தேடும்போதே பாடம் நடந்துவிடுகிறது.

முதற்காட்சி பாட்டியுடையது

நாடகத்தை இராக்கெட்டில் தொடங்க வேண்டா. 1969இல் வயதுவந்தவராக இருந்த பெரியவர் எவரேனும் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால், அவரை நாற்காலியில் அமர்த்தி, அன்று காலையில் எங்கே இருந்தார், என்ன செய்துகொண்டிருந்தார் என்று பேத்தி கேட்கட்டும். அவ்வளவே முதற்காட்சி. அப்பெரியவர்களுக்கு இன்று எழுபதும் எண்பதும் வயதாகிவிட்டன. இன்னும் சில ஆண்டுகளில் இக்கேள்விக்கு விடை சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

அவர்கள் நினைவுகூர்வதற்கு உதவியாக அன்றைய மலேசிய நேரத்தைக் கணக்கிட்டுத் தருகிறோம். அக்காலத்தில் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் இன்றைய கடிகாரத்துக்கு அரைமணி பின்தங்கியிருந்தது. 1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் இப்போதைய நேரம் வந்தது. இராக்கெட் புறப்பட்டது 1969 ஜூலை 16, இரவு 9.02 மணி. சந்திரனில் கலம் இறங்கியது ஜூலை 21 திங்கட்கிழமை விடியற்காலை 3.47 மணி. பெரட்டுக்குப் போக வேண்டிய வீடுகளில் அடுப்பு மூட்ட எழுந்திருக்கும் வேளையை அது நெருங்கியது. நீல் ஆர்ம்ஸ்திராங் தரையில் காலடி வைத்தபோது இங்கே காலை 10.26 மணி. மரம் வெட்டி முடித்து, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் எடுக்கும் பொழுது அதுவே. அவ்வேளையில் சந்திரன் நமக்குத் தொடுவானத்தின் கீழே இருந்தது. நிரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர் எவருக்கும் அது தெரிந்திருக்காது.

பெரியவர்களுள் சிலர், “சந்திரனில் மனிதன் கால் வைத்ததை நான் நம்பவில்லை” என்று சொல்லக்கூடும். அதனையும் மறைக்காமல் மேடையில் சொல்லட்டும். நாடகம் முடிவதற்குள் நாம் விடை வைத்திருக்கிறோம்.

எவ்வளவு தூரம்?

பாடநூல்களில் பூமியும் சந்திரனும் அருகருகே வரையப்பட்டிருப்பதால் பிள்ளைகள் அத்தூரத்தைத் தவறாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு காற்பந்தைப் பூமியாக வையுங்கள். அதற்கேற்ற சந்திரன் ஏறத்தாழ 6 செண்டிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய எலுமிச்சம்பழம். இரண்டையும் எவ்வளவு தள்ளி வைப்பது? பார்ப்பவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலோர் ஒரு கை நீளம் என்பார்கள். சரியான தூரம் ஆறரை மீட்டருக்கும் சற்று மிகுதி. எலுமிச்சம்பழத்தை ஏந்திய பிள்ளை முன்வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய் நிற்க வேண்டும். உண்மையான சராசரித் தூரம் 3,84,400 கிலோமீட்டர். இராக்கெட் முதலில் பூமியைச் சுற்றிய உயரம், இந்தப் பந்துக்கு மேலே மூன்று மில்லிமீட்டர் மட்டுமே!

இத்தூரத்தை நாடகத்தில் காதாலும் உணர்த்தலாம். வானொலி அலை சந்திரனை எட்ட ஒன்றேகால் வினாடிக்குச் சற்று மிகுதியாகும். விடை திரும்பி வர மேலும் அவ்வளவு. ஆகவே ஹூஸ்டன் நகரத்துக் கட்டுப்பாட்டு நிலையமாக நடிப்பவர் கேள்வி கேட்டதும், வீரராக நடிப்பவர் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டே பேச வேண்டும். இச்சிறு மௌனம் ஆயிரம் ஜிகினாத் தாள்களுக்குச் சமம் என்பது எங்கள் அனுபவம்.

புறப்படும் காட்சியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இராக்கெட்டின் உயரம் 110 மீட்டர். அட்டைக் குழாயின் அடியில் சிவப்பு, மஞ்சள் வண்ணத் தாள்களைத் தொங்கவிட்டு, பின்னாலிருந்து டார்ச் விளக்கை ஆட்டினால் நெருப்பாகும். மத்தாப்பும் மெழுகுவர்த்தியும் கூடவே கூடா. பலகை வீடுகளில் இதைப்பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மரப்பாலும் தையற்காரிகளும்

உடை தைக்கும் பொறுப்பை ஏற்கும் அம்மாவுக்கு நாடகத்திலும் ஒரு காட்சி உண்டு. அப்பல்லோ வீரர்களின் உடையைத் தைத்துக் கொடுத்தது அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் டோவர் நகரத்திலிருந்த இன்டர்நேஷனல் லேடக்ஸ் கார்ப்பரேஷன் என்னும் நிறுவனம். லேடக்ஸ் என்பது நாம் அன்றாடம் மங்கில் காணும் பாலின் பெயரேயன்றி வேறில்லை. இரப்பரைக் கொண்டு மகளிர் உள்ளாடைகள் செய்து பெயர் பெற்ற நிறுவனம் அது. அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருந்த பெண்கள்தாம் 21 அடுக்குகள் கொண்ட அவ்வுடையைத் தைத்தார்கள். ஒரு குண்டூசி உள்ளே தங்கிவிட்டாலும் உடை துளைபட்டுக் காற்று வெளியேறி உயிர் போய்விடும். அதனால் தைத்த உடைகளை ஊடுகதிர்ப் படம் எடுத்து ஊசி கிடக்கிறதா என்று பார்த்தார்கள்.

தோள், முழங்கை, முழங்கால் ஆகிய மூட்டுகளில் இயற்கை இரப்பரும் செயற்கை இரப்பரும் கலந்து வார்த்த, துருத்தி போன்ற மடிப்புகள் இருந்தன. அவை எதற்காக? இரப்பர்க் கையுறை ஒன்றில் காற்றை ஊதி வாயைக் கட்டுங்கள். அதன் விரலை மடக்கிப் பாருங்கள். விட்டவுடன் நிமிர்ந்துகொள்ளும். காற்றடைத்த உடைக்குள் இருக்கும் மனிதனின் கையும் அப்படித்தான் விறைத்து நிற்கும். துருத்தி மடிப்பு இருந்தால்தான் மூட்டு வளையும். இச்சோதனையை மேடையிலேயே அம்மா செய்து காட்டலாம்.

அந்த இரப்பர் நம் நாட்டு மரத்துப் பால்தான் என்று வசனம் எழுதிவிட ஆசை எழும். எங்களுக்கும் எழுந்தது. சான்றில்லாததைச் சொல்லலாகாது என்று அடித்துவிட்டோம். மரப்பால் சந்திரனுக்குப் போயிற்று என்பதே போதுமான பெருமை.

இனி ஜிகினாவுக்கு வருவோம். தலைக்கவசத்தின் முகமறைப்பில் வெயிலைத் தடுப்பதற்காக மெல்லிய பொற்பூச்சு இருந்தது. அதனால் அங்கே பொன்னிற ஜிகினா ஒட்டலாம். அட்டைப் பெட்டியில் முகப்பக்கத்தை முழுவதும் வெட்டித் திறந்துவிட்டு, நெற்றிக்கு மேலே பட்டையாக ஒட்டினால் பிள்ளைக்கு வழியும் தெரியும், மூச்சும் தடைபடாது. நெகிழிப் பையைத் தலையில் மாட்டுவதற்கு எக்காரணத்தாலும் இடங்கொடாதீர்கள்.

சந்திரனில் இறங்கிய கலத்துக்குக் கழுகு என்று பெயர். அதன் கால்களும் கீழ்ப்பகுதியும் வெப்பத்தைத் தடுக்கும் பொன்னிறத் தகட்டுத் தாளால் சுற்றப்பட்டிருந்தன. ஆகவே அங்கேயும் தாராளமாக மின்னலாம். கச்சான், கிழங்கு வறுவல் பைகளின் உட்புறம் வெள்ளியாக இருக்கும். அவற்றைக் கழுவிக் காயவைத்து, கசக்கிச் சுற்றினால் கடையில் வாங்கியதைவிடப் பொருத்தமாகவே அமையும்.

இறங்கும் காட்சி

நாடகத்தின் உச்சம் இதுவே. ஆர்ம்ஸ்திராங்கும் எட்வின் ஆல்டிரினும் கழுகில் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று கணினி 1202 என்னும் எண்ணைக் காட்டி எச்சரிக்கிறது. ஹூஸ்டனில் அமர்ந்திருந்த 26 வயது இளைஞர் ஸ்டீவ் பேல்ஸ், சில வினாடிகளில் முடிவு சொல்ல வேண்டும். இறங்கலாமா, திரும்பலாமா? உடனிருந்தோர் துணையோடு அவர், தொடரலாம் என்றார். கணினிக்கு வேலை மிகுந்துவிட்டது. அவசரமில்லாதவற்றை ஒதுக்கிவிட்டு அவசரமானவற்றை அது செய்துகொண்டிருந்தது. அவ்வாறு செய்யும்படி அதற்கான நிரல்களை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன் என்னும் பெண்மணி. பெண்பிள்ளைகளுக்கு வேடம் இல்லை என்று சொல்பவர்கள் இதனைக் கவனிக்க.

ஆபத்து அதனோடு தீரவில்லை. கலம் இறங்கவிருந்த இடம் பாறைகள் நிறைந்த பள்ளமாக இருந்தது. ஆர்ம்ஸ்திராங் கலத்தைத் தம் கையால் ஓட்டிப் பாறைகளைக் கடந்து சமதளத்தைத் தேடினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. கழுகு தரையைத் தொட்டபோது இறங்குவதற்கு எஞ்சியிருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவான எரிபொருளே. மேடையில் ஒருவர் வினாடிகளைத் தலைகீழாக எண்ண, மற்றவர் மெல்ல நகரட்டும். பின்னணி இசை தேவையில்லை.

சாம்பல் நிலம்

இறங்கிய இடம் அமைதிக் கடல் எனப்படும் சமவெளி. நீரில்லாக் கடல் அது. பெரிய தட்டில் ஆறிய அடுப்புச் சாம்பலையும் சிறிது மாவையும் கலந்து பரப்பி, காலணியை அழுத்தி எடுத்தால் காலடித் தடம் செப்பமாகப் பதியும். சாம்பலைத் தேர்ந்தது நிறத்துக்காக மட்டுமன்று. வீரர்கள் கலத்துக்குள் திரும்பித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது, உடையில் ஒட்டிவந்த தூசியில் நீர் தெளித்த அடுப்புச் சாம்பலின் மணம் வீசியதாக ஆர்ம்ஸ்திராங் கூறினார். ஆல்டிரினுக்கோ வெடித்த மருந்தின் மணமாகத் தோன்றியது. இதனைக் கேட்டதும் எங்கள் பாட்டி சிரித்தார். சந்திரனைப்பற்றி அவர் முதலில் நம்பிய செய்தி அதுதான்.

நடையைப் பழக்க வேண்டும். சந்திரனில் எடை பூமியில் உள்ளதைப்போல் ஆறில் ஒரு பங்கே. காண்டாவில் தூக்கும் இரண்டு வாளிப் பால் இங்கே 30 கிலோ என்றால் அங்கே 5 கிலோவாகத் தோன்றும். வீரர்கள் அணிந்திருந்த உடையும் முதுகுப் பெட்டியும் பூமியில் 80 கிலோவுக்கு மேற்பட்டவை. அவ்வளவையும் சுமந்து அவர்கள் மான்குட்டிபோல் தத்தி நடந்தார்கள். அங்கே காற்றில்லாததால் கொடி அசையாது. கொடித்துணியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி வைத்து விரித்திருந்தார்கள். ஆகவே மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

இப்போது வானத்தைப் பற்றி. காற்று இருந்தால்தான் வெயிலொளி சிதறி வானம் நீலமாகும். அங்கே காற்றில்லை, எனவே பகலிலும் வானம் கறுப்பு. கறுப்பு வானமென்றால் விண்மீன் தெரிய வேண்டுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். திருவிழா இரவில் பெரிய விளக்கின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? ஒளி கண்ணைக் கூசச் செய்வதால் மேலே எதுவும் தெரியாது. வெயிலில் பளிச்சிட்ட சந்திரத் தரையில் நின்றவர்களுக்கும் அதுவே நேர்ந்தது. இக்காட்சிக்கு வெறும் கறுப்புத் துணியே பின்திரை.

ஆயினும் தரையில் ஒன்று மின்னலாம். வீரர்கள் அங்கே வைத்துவந்த கருவிகளுள் 100 சிறு கண்ணாடிப் பட்டகங்கள் பதித்த பலகை ஒன்றுண்டு. எத்திசையிலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பியனுப்புவது அதன் தொழில். மிதிவண்டியின் பின்புறத்துச் சிவப்பு ஒளிதிருப்பி அதே முறையில் செயற்படுவதுதான். அதனைக் கழற்றித் தரையில் வைத்து, விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைப் பாட்டியின் கையில் கொடுங்கள். நம்பவில்லை என்று சொன்னவருக்கு நம் விடை இதுவே. அறிவியலார் இன்றும் பூமியிலிருந்து லேசர் ஒளியை அப்பலகைக்கு அனுப்பி, திரும்பிவரும் ஒளியைக்கொண்டு தூரத்தை அளக்கிறார்கள். சந்திரன் ஆண்டுக்குச் சுமார் 3.8 செண்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்வது இவ்வகை அளவைகளால் தெரிந்ததே.

மூன்றாமவர்

இளைய மகனின் அழுகைக்கு வருவோம். அவனுக்குக் கிடைத்த வேடம் மைக்கேல் காலின்ஸ். மற்ற இருவரும் கீழே இருந்தபோது கொலம்பியா என்னும் தாய்க்கலத்தில், சுமார் 110 கிலோமீட்டர் உயரத்தில் அவர் தனியாகச் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதில் 48 நிமிடம் சந்திரனுக்குப் பின்னால் மறைந்துவிடுவார். அப்போது பூமியிலிருந்து எந்தக் குரலும் அவருக்கு எட்டாது. அவர் குரலும் எவருக்கும் எட்டாது. கழுகின் எஞ்சின் மேலெழும்ப மறுத்துவிட்டால் இருவரையும் விட்டுவிட்டு அவர் ஒருவரே பூமிக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதை அவர் அறிந்தே இருந்தார். அவர் அங்கே காத்திருக்கவில்லையென்றால் இறங்கியவர்களுக்கு வீடு திரும்ப வழியில்லை.

இதையெல்லாம் சொன்னபோதும் மகன் முகம் தெளியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பின் பெருமை எளிதில் விளங்குவதில்லை, நமக்கும்தான்.

பிறகு மகளே ஒரு செய்தியைப் படித்துச் சொன்னாள். சந்திரனின் நிழற்புறத்தில், வெயிலும் பூமியின் ஒளியும் இல்லாத இருளில் காலின்ஸ் பறந்தபோது, அவருக்கு விண்மீன்கள் நிறையத் தெரிந்தன. விண்மீன் இல்லாத கறுப்பு வட்டம் எதுவோ அதுவே சந்திரன் என்று அறிந்துகொள்ளும் அளவுக்குத் தெரிந்தன. அவள் எழுந்துபோய், ஒதுக்கி வைத்திருந்த ஜிகினாப் போர்வையைக் கொண்டுவந்து தம்பியின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கவிட்டாள். நடுவில் கறுப்புத் துணியை வட்டமாக வெட்டி ஒட்டினாள்.

நாடகத்தன்று அக்காட்சியில் விளக்குகளை எல்லாம் அணைத்தோம். மகன் மடியில் ஒரு சிறு டார்ச் விளக்கு மட்டும். 48 வினாடிகள் எவரும் பேசக்கூடாது என்று பாட்டி முன்னதாகவே அறிவித்துவிட்டார். அண்டை வீட்டுக் கைக்குழந்தைகூட அன்று அழவில்லை.

வீடு திரும்புதல்

திரும்பும் பயணத்தில் ஒரு நிகழ்ச்சியை விட்டுவிடாதீர்கள். மேலெழும்பும் எஞ்சினை இயக்கத் தேவையான ஒரு விசையின் முனை, கலத்துக்குள்ளே முறிந்து கிடந்தது. ஆல்டிரின் தம்மிடமிருந்த மைப்பேனாவின் முனையால் அத்துளையில் அழுத்தி விசையை இயக்கினார். அதற்குள் பேனா ஒன்றைப் பார்வையாளர்களிடையே ஒளித்து வைத்து, தக்க தருணத்தில் சிறு பிள்ளை ஒருவர் எடுத்துக் கொடுக்கும்படி செய்தால் கூட்டத்துக்கு உற்சாகம் பிறக்கும்.

21 மணி நேரத்துக்குச் சற்று மிகுதியாகச் சந்திரனில் தங்கி, இருபத்தொன்றரைக் கிலோ கல்லும் மண்ணும் கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள். ஜூலை 24இல் பசிபிக் கடலில் விழுந்த கலத்திலிருந்து ஹார்னட் என்னும் கப்பல் அவர்களை மீட்டது. சந்திரனிலிருந்து நோய்க்கிருமி ஏதும் வந்திருக்குமோ என்னும் அச்சத்தால், மூவரையும் மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார்கள். சந்திரனைவிட்டுப் புறப்பட்ட நாள் முதல் 21 நாள் கணக்கு. அமெரிக்க அதிபர்கூடக் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினார். இக்காட்சிக்குக் கொசுவலை போதும். மூன்று வீரர்களும் வலைக்குள் உட்கார்ந்திருக்க, உறவினர்கள் வெளியிலிருந்து பலகாரத் தட்டைக் காட்டிச் சிரிக்கலாம்.

நாடகத்துக்கு நாள் குறிக்கும்போது வளர்பிறை ஆறாம் அல்லது ஏழாம் நாளைப் பாருங்கள். கழுகு இறங்கியபோதும் ஏறத்தாழ அதே பிறைதான். முடிந்தவுடன் எல்லாரும் வாசலில் இறங்கி, உச்சியிலிருந்து சற்று மேற்கே அண்ணாந்து நோக்கினால், ஒளிபெற்ற பாதியின் நடுப்பகுதியில் பெரிய கருந்திட்டு ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். அதுதான் அமைதிக் கடல். பொன்னிறத் தாள் சுற்றிய கழுகின் கால்கள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. பாட்டியின் கண்ணுக்குத் திட்டு புலப்படாவிட்டால், காலின்ஸாக நடித்தவரே கையைப் பிடித்துக் காட்டட்டும்.